பச்சை நாற்றும் குட்டை நாற்றும்

வாய்க்கால் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. துப்பிவிட்டு மறுபடியும் தொட்டு வைத்துப் பார்த்தேன். உப்பு மட்டும் இல்லை, இறால் நாற்றமும் சேர்ந்து வந்தது. அது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. அந்த மாதத்தில் என் வாயில் இறால் குட்டைத் தண்ணீரை வைத்தவர் வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரரோடு கூடப் பிறந்த அண்ணன்.

நாற்றங்காலில் பாதிக்கு மேல் வெளுத்துப் போயிருந்தது. முந்தின நாள் வரைக்கும் கிளி மாதிரி நின்ற பயிர், நுனி கருகி, இலை சுருண்டு, துவைத்துப் போட்ட துணி மாதிரி தண்ணீரில் கிடந்தது. நடுவே இறால் ஓடுகள் மிதந்தன. அந்த எட்டு சென்ட் நாற்றுதான் எங்கள் ஒரு ஏக்கருக்கு. அதை விட்டால் எங்களுக்கு அந்த வருஷம் நெல் இல்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அவர் முகம்தான் வந்தது.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே, கழுவெளி என்கிற உப்புத் தண்ணீர் ஏரியை ஒட்டி இருக்கிறது. மாமனார் விட்டுப்போன நிலத்தை அண்ணனும் தம்பியும் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தன் பங்கில் தாழ்வாக இருந்ததை இறால் வளர்க்கிறவர்களுக்கு, லாபத்தில் பாதி என்று பேசிக் குத்தகைக்கு விட்டார். மேட்டுப் பக்கத்தில் போர் போட்டு நெல் வைத்துக்கொண்டார். குட்டையைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டி எங்கள் கழனி. இறால் பிடித்து முடித்தால் குட்டைத் தண்ணீரைக் கழுவெளிப் பக்கம் மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். அது அவர் செலவு. வாய்க்கால் பக்கத்து மடையைத் திறந்துவிட்டால் தானாகப் போய்விடும். முந்தின நாள் சாயங்காலம் ஐஸ் லாரி வந்து இறால் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. காலையில் மடை வாயில் புது மண் பூசியிருந்தது. ஈரம் கூடக் காயவில்லை.

வீட்டுக்காரருடைய அண்ணனை நாங்கள் மூத்தார் என்போம். மூத்தார் எதிரில் உட்காரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது, பெயரைச் சொல்லவே கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் இருந்தேன். ஏதாவது கேட்டால் அவர் மனைவியைப் பார்த்துப் பதில் சொல்வேன். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி. அந்தக் காலை, சேற்றுக் காலோடு அவர்கள் வாசலில் போய் நின்று முதல்முறையாக மூத்தார் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். குட்டை மடையை ஏன் திறந்தீர்கள் என்று.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் இறால் விலை பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை என்னை நிற்க வைத்தார். கூட நாலு பேர் இருந்தார்கள்.

"நான் எதுக்கு மடையத் தொறக்கறேன்? யூரியாவ வாரிக் கொட்டியிருப்பீங்க. இல்லன்னா கழுவெளித் தண்ணி ஏறியிருக்கும்" என்றார். பிறகு அந்த நாலு பேரையும் பார்த்துக்கொண்டு, "உப்பு தான் ஏறிடிச்சே. ஊறுகா போட்டுக்கச் சொல்லு" என்றார்.

சிரித்தார்கள். அக்கா மட்டும் உள்ளே போய்விட்டார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கோர்த்துப் பேசத் தெரியாது. திரும்பி நடந்தேன். எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடியும் கொடியில் போட்டார். "எங்கண்ணன் தானே" என்றார். எனக்கு அவர் மேலும் சேர்த்துக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அங்காளம்மன் கோயிலில் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டேன். எல்லாரும் குடும்பம் நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொள்வார்கள். நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் வேண்டினேன். அன்றைக்கு வேறு மாதிரி வேண்டினேன். தாயே, என் நாற்று பிழைக்கணும். அவர் கழனி வெளுக்கணும். என் கண்ணால் அதை நான் பார்க்கணும். மறைத்துப் பேச அவள் என்ன பக்கத்து வீட்டுக்காரியா. மனதில் இருந்ததை அப்படியே வைத்தேன்.

பிறகு திண்டிவனத்துக்கு பஸ் ஏறி விவசாய ஆபீசுக்குப் போனேன். ஒரு பிடி நாற்றை வேரோடு பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றி, பையில் வைத்திருந்தேன். அங்கே இருந்த மேடம் சின்ன வயசு. வேரைக் கிள்ளிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. இன்னும் உயிர் இருக்கிறது, மொத்தத்தையும் விட்டுவிடாதீர்கள் என்றார். நான் சாம்பல் தூவலாமா என்று கேட்டேன். எதற்கெடுத்தாலும் அடுப்புச் சாம்பலைத் தூவுவது எங்கள் வழக்கம். கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "வேணாம்மா, அதுலயும் உப்புதான் கீது" என்றார். நின்ற தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு நல்ல தண்ணீர் கட்ட வேண்டும், ஒரு நாள் நிற்கவிட்டு அதையும் வடித்துவிட வேண்டும், திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் உப்பு கரைந்து போகும். ஜிப்சம் போடலாம். யூரியா பக்கமே போகக்கூடாது. முக்கியமாக, சேறு காயக்கூடாது, காய்ந்தால் கீழே இருக்கிற உப்பெல்லாம் மேலே ஏறிவிடும். இப்படித்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நான் ஏதோ ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தது.

அந்த வருஷம் மழை தள்ளிப்போயிருந்தது. ஏரியில் குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணீர் நின்றது. ஆயில் இன்ஜினை வாடகைக்கு எடுத்து, ஊரில் யார் யார் வீட்டில் ஓஸ் இருந்ததோ எல்லாவற்றையும் வாங்கி, ஒன்றோடு ஒன்று செருகி, சைக்கிள் டியூபால் கட்டி, ஏரியிலிருந்து நாற்றங்காலுக்கு இழுத்தோம். பத்தடிக்கு ஒரு ஓட்டை. எங்கள் வீட்டுக்காரர் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே நடப்பார். பேசமாட்டாரே தவிர, வேலையில் குறை வைக்கமாட்டார்.

தண்ணீர் கட்டி, வடித்து, கட்டி, வடித்து, நான் அந்த நாற்றங்காலை விட்டு நகரவில்லை. வடிகாலை வெட்டிவிட்டு உப்புத் தண்ணீர் ஓடும்போதெல்லாம் மூத்தார் பெயரைச் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். அத்தனை வருஷம் சொல்லாத பெயரை அந்த வரப்பில் நின்று, ஓடு, ஓடு என்று தண்ணீரோடு சேர்த்து விரட்டினேன். பயிர் மேல் பாசத்தால் பார்த்துக்கொண்டேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. ஒவ்வொரு பயிரும் அவருக்கு எதிராகச் சொல்லப்போகிற சாட்சி மாதிரி எனக்குத் தெரிந்தது. சாட்சி சாகக்கூடாது, அவ்வளவுதான்.

மூத்தார் மொபட்டில் அந்தப் பக்கமாகப் போகும்போது வேகத்தைக் குறைப்பார். ஒருநாள் நிறுத்தி, என்னிடம் பேசாமல், அவர் தம்பியைக் கூப்பிட்டு, "ஏண்டா, ஐ.சி.யூ.வுல எப்படிக் கீது, மூச்சு வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்காரர் கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு "எங்கண்ணன்" என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

பிழைக்குமோ பிழைக்காதோ என்று பயந்து இன்னொரு வேலையும் செய்தேன். என் தாய் வீடு விழுப்புரத்துக்குப் பக்கம், திருவாமாத்தூர். அங்கே கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். என் தம்பியிடம் சொல்லி அங்கேயும் கொஞ்சம் விதை விடச் சொன்னேன். அது எந்தக் கஷ்டமும் தெரியாமல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி.

எங்கள் நாற்றங்காலில் கால்வாசி செத்தது. மீதி முதலில் அப்படியே நின்றது, வளரவும் இல்லை, சாகவும் இல்லை. பிறகு ஒருநாள் நடுவில் புது இலை விட்டிருந்தது. ஊசி மாதிரி, பச்சையாக. குனிந்து கிட்டத்தில் பார்த்தேன். அப்புறம் எல்லாவற்றிலும் வந்தது. உயரம் போகவில்லை. தண்டு தடித்து, நுனியில் பழைய கருகல் தழும்போடு, குட்டை குட்டையாக நின்றது. மேடத்துக்குச் செல்போனில் படம் அனுப்பினேன். உப்பில் நின்று பழகின நாற்று, இதுதான் உங்கள் கழனிக்குத் தாங்கும், கொஞ்சம் முற்றவிட்டு, குத்துக்கு நாலைந்தாகச் சேர்த்து நடுங்கள் என்றார்.

திருவாமாத்தூர் நாற்றை என் தம்பி குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினான். வேண்டியதற்கு மேலேயே வந்தது. கழனியில் ஒரு மூலையில் அந்தப் பச்சை நாற்றை நட்டுப் பார்த்தோம். ஒரு வாரம் தாங்கவில்லை. நல்ல தண்ணீரில் செல்லமாக வளர்ந்தது எங்கள் சேற்றைத் தொட்டதும் வெளுத்துவிட்டது. பக்கத்திலேயே நட்ட குட்டை நாற்று அசையாமல் நின்றது. அதனால் கட்டுக் கட்டாக வந்த பச்சை நாற்று முடிகளை வரப்போரம், ஏரியிலிருந்து இழுத்த நல்ல தண்ணீரில் அப்படியே போட்டுவைத்தோம். குட்டை நாற்றைப் பறித்து நடவு ஆரம்பித்தோம். விதையை நெருக்கமாக விட்டிருந்ததால் அதுவும் கொஞ்சம் மிஞ்சும் போலத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வந்தார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வரப்பில் நின்றார். அவர்கள் நாற்றங்கால் போய்விட்டதாம். வாய்க்கால் தண்ணீரே தொடாத மேட்டு நிலம், சொந்த போர்த் தண்ணீர். குட்டையில் இத்தனை வருஷம் நின்ற உப்பு, பூமிக்குள்ளேயே இறங்கி அவர்கள் போருக்கு வந்துவிட்டது. தெரியாமல் அதையே இறைத்துப் பாய்ச்சியிருக்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் நாற்றுக் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தால் தருவாயா என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். என் உடம்பெல்லாம் சில்லென்று ஆனது. அங்காளம்மா, கேட்டுக்கொண்டுதான் இருந்தாயா என்று நினைத்தேன். அக்கா முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. காசு எதுவும் வேண்டாம், எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அவரே வந்து எடுக்கட்டும் என்றேன்.

மறுநாள் மூத்தார் வண்டியோடு வந்தார், அக்காவும் கூட வந்தார். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு குவியல் இருந்தது. ஒரு பக்கம் முழங்கால் உயரப் பச்சை நாற்று. இன்னொரு பக்கம் கருகின நுனியோடு எங்கள் குட்டை நாற்று. அவர் கை நேராகப் பச்சைக்குப் போனது.

"மாமா, அது வேணாம். குட்டையா கீதே, அது எடுத்துக்கினு போங்க" என்றேன். எல்லார் காதிலும் விழும்படி, அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் கையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஓகோ. நல்லதெல்லாம் உனுக்கு வச்சிக்கினு, கழிச்சத என் தலையில கட்டப் பாக்குறியா? கழனி வேல எனுக்கே சொல்லித் தர்றியா நீ?"

அக்கா பக்கத்தில் வந்து, "அவ சொல்றாளே, கேளுங்களேன்" என்று மெதுவாகச் சொன்னார். "நீ சும்மா இரு" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, பச்சை நாற்று முடிகளை எண்ணாமல் ஏற்றிக்கொண்டு போனார். குட்டை நாற்றை அவர் தொடக்கூட இல்லை.

நான் ஒருமுறைதான் சொன்னேன். பச்சை நாற்று எங்கள் மூலையில் வெளுத்துக் கிடந்ததைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். இருபதடி தூரம்தான். காட்டவில்லை. நான் சொன்னால் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உண்மையைச் சொன்னேன். வண்டி போனபிறகு நடவுப் பெண்களில் ஒருத்தி, "ஏன்க்கா, சண்டக்காரனுக்கு இவ்ளோ நல்லது சொல்றியே" என்று கேட்டாள். சேற்றைப் பார்த்துக்கொண்டு நட்டேன். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவர் நட்டார். உப்பான அதே போர்த் தண்ணீர்தான், வேறு தண்ணீர் அவருக்கு இல்லை. ஒரு வாரம் கழனி மினுமினுத்தது. மொபட்டை எங்கள் கழனிப் பக்கம் நிறுத்தி, எங்கள் குட்டைப் பயிரையும் தன் பயிரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அது வெளுக்க ஆரம்பித்தது. முதலில் வரப்போரம், பிறகு நடுவில் திட்டுத் திட்டாக, கடைசியில் வைக்கோல் விரித்த மாதிரி முழுவதும். நான் தினமும் காலையில் அந்தப் பக்கமாகத்தான் நடந்தேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. பார்க்கணும் என்று கேட்டேன், அவள் காட்டினாள், பார்க்காமல் எப்படி இருப்பது.

ஊரில் அவர் வேறு கதை சொன்னார். வேண்டுமென்றே நாற்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்துவிட்டாளாம். மந்திரித்துவிட்டாளாம். டீக்கடையில் சொன்னார், பால் சொசைட்டியில் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் போய்க் கேட்டபோது, "உன் பொண்டாட்டி யோக்கியமா இருந்தா அவ ஊரு கோயில்லயே வந்து சத்தியம் பண்ணட்டும்" என்று சொல்லியனுப்பினார்.

திருவாமாத்தூர் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன் எதிரில் பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் பயம். உண்மையாகவே இருந்தாலும் பிள்ளை குட்டிக்காரர்கள் அங்கே சத்தியம் பண்ணத் தயங்குவார்கள். பொம்பளை, பயந்துவிடுவாள் என்று அவர் கணக்குப் போட்டார். நான் அந்த மண்ணில் பிறந்தவள். பாவாடை கட்டின வயசிலிருந்து அந்தப் பாறையைக் கும்பிட்டவள். எப்போ போகலாம் என்று கேட்கச் சொன்னேன்.

ஒரே வேனில்தான் போனோம். அவர், அக்கா, நாங்கள் இரண்டு பேர், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், நடவுப் பெண்களில் மூன்று பேர். திண்டிவனம் தாண்டினதும் டிரைவர் ஒரு பாட்டுப் போட்டார், பிறகு அவரே நிறுத்திவிட்டார்.

தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, ஈரம் காயாத தலையோடு போயிருந்தேன். அபிராமேசுவரரைக் கும்பிட்டுவிட்டு அம்மன் சந்நிதிக்கு வந்தோம். குருக்களுக்கு இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது. "சத்தியம்னா சீக்கிரம் பண்ணிடுங்கோ, நடை சாத்தணும்" என்று சொல்லிவிட்டுத் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்.

பாறையின் எதிரில் நின்று கையை நீட்டினேன்.

"நாத்த நான் உப்புத் தண்ணியில ஊறவைக்கல. பச்ச நாத்து வேணாம், குட்டை நாத்த எடுத்துக்கினு போங்கன்னு இவங்க எல்லார் எதிர்லயும் சொன்னேன். சொன்னது நெசம். தாயே, பொய்யின்னா என் குடும்பம் எனுக்கு இல்ல."

நடவுப் பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அக்காவும், தலையைக் குனிந்துகொண்டே, "சொன்னா, நானும் கேட்டேன்" என்றார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சொல்லும்போது உன் மனதில் என்ன இருந்தது என்று அம்மன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அவளுக்குத் தெரியாததா.

எல்லாம் முடிந்தது என்று திரும்பினோம். அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணா, கற்பூரம் இன்னும் எரியுது. நீயும் வந்து கைய நீட்டு. அன்னிக்கு மடையத் தொறந்தது யாருன்னு சொல்லிட்டு வா."

ஊர்ப் பெரியவர்கள் மூத்தாரைப் பார்த்தார்கள். அது நியாயம்தானே என்றார் ஒருவர். மூத்தார் பாறையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வேட்டியைச் சரிசெய்தார்.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வந்துட்டேன். புதுச் செருப்பு. எவனாவது மாட்டிக்கினு பூடுவான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

நடவுப் பெண் ஒருத்தி சந்நிதி என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டாள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவேண்டிய தேவை இல்லாமல் போனது. கற்பூரம் அணைந்தது. குருக்கள் கதவைப் பார்த்தார்.

வெளியே வந்தோம். செருப்பு காலில் பத்திரமாக இருந்தது. அவர் வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். வேறு வண்டி கிடையாது, எங்களோடுதான் அவர் ஊருக்கு வர வேண்டும். டிரைவர் கிளம்பலாமா என்று கேட்டார்.

ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமே என்றேன். கோயில் எதிர்க் கடையில் எல்லாருக்கும் டீ சொன்னேன். அக்காவுக்கு என் கையாலேயே டம்ளரைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வேனுக்கு யாரும் கொண்டுபோகவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மூடின கண்ணாடிக்குள்ளே அவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். என் டீயில் சர்க்கரை கரையவில்லை. ஸ்பூன் வாங்கி, கலக்கி, ஆற்றி, மிடறு மிடறாகக் குடித்தேன். முடிந்ததும் கடைக்காரரிடம் இன்னொன்று போடச் சொன்னேன்.